தனுஷ்கோடி மணலில் நல்ல தண்ணீர்

1914 முதல் மக்கள் ரயிலில் வந்து இறங்கி, இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய துறை இது. 1964 டிசம்பர் புயலோடு அது முடிந்தது. மீனவர் குடிசைகள் இருக்கின்றன. இருபுறமும் கடல். குடிதண்ணீரோ காலடி மணலில்.

மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி நின்றால், கணக்குப்படி கீழே சுமார் 40 அடி இருக்கும். அதனால்தான் வம்பு: ஒரு அங்குலம் இறைத்து இறக்கினால் உப்பு 40 அங்குலம் மேலேறப் பார்க்கும். கரைமணலில் கணக்கைவிட முன்னதாகவே கரிக்கத் தொடங்கிவிடும்.

ஆகவே ஊற்றை அலைவாயிலிருந்து தள்ளி, மணல்மேட்டுக்கு அருகிலுள்ள தாழ்வில் தோண்ட வேண்டும். சில அடியிலேயே கசியும். சிரட்டை முங்கும் அளவு நீர் சேர்ந்ததும் நிறுத்துங்கள். 'ஆழம் போனால் தண்ணீர் கூடும்' என்பது வயல்காட்டு நினைப்பு, இங்கே செல்லாது. அகலம்தான் உதவும். மணல் சரியும், பக்கங்களைச் சாய்வாக வெட்டுங்கள். நிலையான ஊற்றுக்குச் சிமெண்ட் உறை இறக்கலாம்.

மொண்டபின் ஊறவிடுங்கள். மோட்டார் வேண்டவே வேண்டாம். கரிக்கத் தொடங்கினால் அந்தக் குழியை விட்டு வேறிடம் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைதான் அதைத் தேற்றும். திறந்த குழி, ஆடு நாய் வரும். மூடி வைத்து, காய்ச்சிக் குடியுங்கள்.