300 சொற்களில் எங்கள் வாசிப்பறை: மிச்சிகன் விண்ணப்பக் கட்டுரை அனுபவம்

விண்ணப்பம் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. ஆனால் கட்டுரைக்கு உதவி கேட்டு நான் போன ஆலோசனை மையத்தின் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

காமன் ஆப் (பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையத்தளம்) கணக்கு, மதிப்பெண் பட்டியல், 650 சொல் பொதுக் கட்டுரை எல்லாம் பெரிய தொல்லை இல்லாமல் முடிந்தன. சிக்கல் வந்தது மிச்சிகன் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்ட 300 சொல் கட்டுரையில்தான். 2023-இல் நான் விண்ணப்பித்தபோது கேள்வி ஏறக்குறைய இப்படி இருந்தது: எல்லோரும் பல குழுக்களைச் சேர்ந்தவர்கள், ஊர், மதம், வருமானம், உணவு, ஆர்வம் என எதை வைத்தும் ஒரு குழு அமையலாம், அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைப் பற்றியும் அதில் உங்கள் இடம் பற்றியும் எழுதுங்கள்.

எதை எழுதுவது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் கிளை நூலகத்தின் வாசிப்பறைதான். அங்கே தினமும் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் அண்ணன்களும் அக்காக்களும் வருவார்கள். ஒரே நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்துச் சுற்றுக்கு விடுவார்கள். தேர்வின் 200 கேள்விகளில் 25 கணக்கு. பொதுத் தமிழை அப்படியே ஒப்பிக்கிறவர்கள்கூடக் கணக்கு வந்ததும் தடுமாறுவார்கள். பிளஸ் டூ படித்த நான்தான் அவர்களுக்குக் கணக்கு வாத்தியார். ஒருவர் 10 நாளிலும் இன்னொருவர் 15 நாளிலும் முடிக்கும் வேலையை இருவரும் சேர்ந்தால் எத்தனை நாளில் முடிப்பார்கள்? மொத்த வேலையை மீ.சி.ம. 30 பங்கு என்று வைத்துக்கொண்டால் ஒருவர் நாளைக்கு 3 பங்கு, மற்றவர் 2 பங்கு, சேர்ந்து 5. ஆக 6 நாள். இதை ஓர் அக்காவுக்குப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுக் காட்டினேன். மறுவாரம் அவர் புதிதாக வந்த இருவருக்கு அதையே என்னைவிடத் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டுரையை அந்த இடத்தில்தான் தொடங்கினேன்.

மையத்தின் ஆலோசகர் ஒரு பத்தி படித்துவிட்டு நிறுத்தினார். "நூலகமெல்லாம் எடுபடாது தம்பி. ஜூன்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்திருக்கு. இனத்தைப் பார்த்து இனிமே சீட் தர முடியாது. அதனால கட்டுரையிலதான் அதைக் காட்டணும். தமிழ்ப் பண்பாட்டைப் பத்தி எழுதுங்க."

தீர்ப்பு வந்தது உண்மைதான், 2023 ஜூன் 29. ஆனால் மிச்சிகன் மாநிலத்தில் அரசுக் கல்லூரிச் சேர்க்கையில் இனத்துக்கு முன்னுரிமை தரக்கூடாது என்று மக்கள் 2006-லேயே வாக்களித்து முடிவு செய்துவிட்டார்கள். இந்தக் கேள்வியையும் பல்கலைக்கழகம் அந்தத் தீர்ப்புக்கு முன்பிருந்தே கேட்டு வந்தது. இதைச் சொன்னேன். சரி, உங்கள் கட்டுரையையே மெருகேற்றித் தருகிறோம் என்றார்கள்.

திரும்பி வந்த கட்டுரையில் என் வரி ஒன்றுகூட இல்லை. தமிழின் தொன்மையில் தொடங்கி, நூலகத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் வறுமையில் வாடுவதாகவும் நான் அவர்களைக் கைதூக்கி விட்டதாகவும் முடிந்தது. அதே அக்காவிடம் அதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எங்களைப் பார்த்தா பாவமா இருக்குன்னு யார் சொன்னா? அரசியலமைப்புப் பாடத்தை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தா? அதை ஏன் காணோம்?" என்று கேட்டார். எனக்கு முகம் எரிந்தது. அவர் கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அன்று மாலையே அந்த மையத்தின் பிரதியை மொத்தமாக அழித்துவிட்டு என் பழைய வரைவுக்குத் திரும்பினேன். அடிப்படை உரிமைகளை அந்த அக்கா எனக்கு நடத்திய விதத்தையும் சேர்த்தேன். 'உங்கள் இடம்' என்று அவர்கள் கேட்டதில் நாம் கொடுத்தது மட்டும் வந்தால் போதாது. அந்தக் கூட்டம் நமக்குக் கொடுத்ததும் வந்தாக வேண்டும். நீங்கள் யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவர்களில் ஒருவரிடமாவது படித்துக் காட்டாமல் அனுப்பாதீர்கள். எந்த ஆலோசகரும் அவர்களுக்கு ஈடாக மாட்டார்.

அப்புறம் சில நடைமுறை விஷயங்கள். டிஎன்பிஎஸ்சி என்றால் அங்கே படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. 'அரசு எழுத்தர் வேலைக்கான மாநிலத் தேர்வு' என்று ஒரே தொடரில் சொல்லிவிட்டு நகருங்கள். விளக்கத்துக்கே 50 சொல் போனால் மனிதர்களுக்கு இடம் இருக்காது. படிப்புக்கு வெளியே செய்தவற்றைச் சொல்லும் காமன் ஆப்பின் செயல்பாட்டுப் பட்டியலில் 10 இடங்கள் உண்டு, ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துகள். கணக்கு சொல்லித் தருவதை அங்கே போட்டுவிட்டால் அதே வாக்கியத்தைக் கட்டுரையில் திருப்பிச் சொல்ல வேண்டாம். என் கணினி 299 சொல் என்று காட்டியதைப் படிவம் 300-க்கு மேல் என்றது. அதனால் கொஞ்சம் குறைத்தே எழுதி வையுங்கள். அனுப்பும் முன் முன்னோட்டப் பிரதியை ஒருமுறை வரி வரியாகப் பாருங்கள். எனக்கு ஒட்டும்போது இரண்டு பத்திகள் சேர்ந்துபோயிருந்தன.

மிச்சிகனுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறையில் (Early Action) அப்போது காலக்கெடு நவம்பர் 1. காமன் ஆப்பில் இரவு 11.59 என்பது நாம் இருக்கும் ஊரின் நேரம். அமெரிக்க நேரத்தை நம்பிக்கொண்டு மறுநாள் காலை உட்கார்ந்தால் கதை முடிந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம் வேறு, அதற்குப் பசிபிக் நேரம். எங்கள் பள்ளியில் இதற்கென்று ஆலோசகர் கிடையாது. பள்ளி நிரப்ப வேண்டிய படிவத்துக்காகக் காமன் ஆப்பிலிருந்து தலைமை ஆசிரியருக்குப் போன மின்னஞ்சல் ஸ்பேமில் கிடந்தது. அக்டோபர் தொடக்கத்திலேயே நேரில் போய், பக்கத்தில் நின்று திறக்கச் சொல்லுங்கள்.

அந்தக் கட்டுரையை வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கும் பயன்படுத்தினேன். அங்கேயும் 300 சொல்தான், கேள்வியும் கிட்டத்தட்ட இதே போன்றது. ஆனால் நீ வந்த உலகம் எங்கள் வளாகத்துக்கு எதைச் சேர்க்கும் என்று கடைசியில் கேட்டிருந்தார்கள். அதனால் முடிவுப் பத்தியை மட்டும் புதிதாக எழுதினேன். இந்த முறை அது நேராக அக்காவிடம்தான் போனது. இரண்டு சொல்லை அடித்துவிட்டு, "இப்ப அனுப்பு" என்றார்.