நின்ன வண்டிய இடிச்சிட்டு ஓடிட்டான்: ஒரு இன்ஷூரன்ஸ் கிளெய்ம் கதை

பிப்ரவரில ஒரு வியாழக்கிழமை, காலைல ஆறேகால் இருக்கும், காலிங் பெல் அடிச்சுது. கதவ தொறந்தா தெருமுனைல இஸ்திரி போடுற அண்ணன் நிக்கறாரு. "சார், உங்க வண்டி கதவ பாத்தீங்களா"ன்னாரு. அவர் கேட்ட விதத்துலயே எனக்கு வயித்த கலக்கிருச்சு.

எங்க ஃபிளாட்ல எட்டு வீடு, அஞ்சு பார்க்கிங். நங்கநல்லூர்ல பாதி ஃபிளாட் இப்படித்தான். வாடகைக்கு வந்தவங்க தெருவுலதான் விடணும், நானும் மூணு வருஷமா அப்படித்தான் விடறேன், ராத்திரி மிரர மடக்கி வெச்சிட்டு வருவேன். அன்னிக்கு மழை தூறிட்டு இருந்துச்சுன்னு மடக்காம ஓடி வந்துட்டேன்.

கீழ போய் பாத்தா வலது பக்கம் பின் கதவு நல்லா உள்ள குழிஞ்சு போயிருக்கு. பின்னாடி குவார்ட்டர் பேனல்ல ஆரம்பிச்ச கோடு, பின் கதவு, டிரைவர் கதவுன்னு நேரா வந்து மிரர்ல முடியுது. மிரர் வயர்ல தொங்கிட்டு இருக்கு. குவார்ட்டர் பேனல்ல ஒரு சாண் நீளத்துக்கு மஞ்ச பெயிண்ட் தேய்ஞ்சு ஒட்டிருக்கு. கீழ ரோட்டுல ஆரஞ்சு கலர்ல இண்டிகேட்டர் கண்ணாடி ரெண்டு மூணு துண்டு. ஒரு சீட்டு இல்ல, போன் நம்பர் இல்ல, ஒண்ணும் இல்ல.

என் ஒய்ஃப் கீழ வந்து பாத்துட்டு மொதல்ல சொன்னது, "வண்டி பூரா தூசியா அசிங்கமா இருக்கு, ஒரு பக்கெட் தண்ணி ஊத்திட்டு போட்டோ எடுங்க". நல்லவேளை ஊத்தல. அந்த மஞ்ச பெயிண்டும் கீழ கெடந்த துண்டும்தான் பின்னாடி எனக்கு சாட்சியா வந்து நின்னுச்சு. நம்பர் பிளேட் தெரியற மாதிரி தூரத்துல இருந்து ஒண்ணு, கிட்ட ஒண்ணு, துண்டுங்கள எடுக்கறதுக்கு முன்னாடி கெடந்த எடத்துலயே ஒண்ணுன்னு ஒரு இருபது போட்டோ எடுத்துட்டு, துண்டுங்கள ஒரு காலி ஊறுகா டப்பால போட்டு வெச்சேன்.

எதிர் வீட்டு மாமி கேட்டுல ஒரு கேமரா இருக்கு. மாமி ரொம்ப நல்லவங்க, உடனே வாங்கோன்னு கூப்ட்டாங்க, ஆனா பாஸ்வேர்டு அவங்களுக்கு தெரியாது, அமெரிக்கால இருக்கற பையனுக்கும் தெரியாது, கேமரா மாட்டுன பையன் நம்பர் தேடி எடுத்து, அவன் தூங்கி எழுந்து போன் எடுத்து சொல்றதுக்குள்ள மணி ஒம்பது. பரண் மேல இருக்கற டிவிஆர்ல, அதான் கேமரா ரெக்கார்டர் பொட்டில, ஸ்டூல் போட்டு நின்னு மவுஸ் புடிச்சு ஓட்டி பாத்தா, 3:31க்கு ஒரு குட்டி யானை, அதான் டாடா ஏஸ் லோடு வண்டி, வருது, பின்னாடி ஏதோ லோடு ஏத்திருக்கு, எதிர்ல ஒரு மாடு படுத்திருக்கு, அதுக்காக ஒடிச்சு திருப்பறான், என் வண்டி ஒரு குலுங்கு குலுங்குது. பிரேக் லைட் ஒரு ரெண்டு செகண்டு எரிஞ்சுது. நிறுத்துவான்னு நானே ஒரு நிமிஷம் நம்பிட்டேன். அப்புறம் லைட் அணைஞ்சு போய்ட்டான். நம்பர் பிளேட் இருக்கற எடம் ராத்திரி கேமரால பளீர்னு வெள்ளையா ஒரு கட்டம், அவ்ளோதான். எத்தன தடவ நிறுத்தி பாத்தாலும் ஒரு எழுத்து கூட தேறல.

அப்பதான் இன்னொண்ண கவனிச்சேன். அதே கேமரால நான் கீழ நின்னு போட்டோ எடுத்துட்டு இருக்கறது 7:05ன்னு காட்டுது, என் போன்ல அந்த போட்டோ 6:24. டிவிஆர் கடிகாரம் 41 நிமிஷம் வேகமா ஓடுது. அப்ப இடிச்சது 2:50. சின்ன விஷயம்தான், ஆனா கம்ப்ளெய்ண்ட்ல ஒரு டைம், வீடியோல ஒரு டைம்னு இருந்தா நாளைக்கு யாராவது நோண்டுவாங்க. வீடியோவ பென் டிரைவ்ல ஏத்திட்டு இந்த வித்தியாசத்தையும் எழுதி வெச்சுகிட்டேன். மாமி வீட்ல ஒரு வாரம்தான் ஸ்டோர் ஆகுமாம், அதுக்கு மேல பழசு அழிஞ்சிரும், அதனால எது பண்றதுக்கு முன்னாடியும் கேமராதான் மொதல்ல. மெயின் ரோடு முனைல மெடிக்கல் ஷாப் கேமராவும் பாத்தேன், அது கடை வாசல் செருப்ப மட்டும்தான் புடிக்குது.

நம்பர் மட்டும் கெடச்சிருந்தா கதை வேற. எம்பரிவாகன் ஆப்ல போட்டா ஓனர் பேரு நட்சத்திரம் போட்டு மறைச்சுதான் வரும், ஆனா என்ன வண்டி, இன்ஷூரன்ஸ் உயிரோட இருக்கா இல்லயான்னு தெரிஞ்சிரும். அவனோட தேர்ட் பார்ட்டி பாலிசிலயே நம்ம சேதத்த கேக்கலாம், சொத்து சேதத்துக்கு ஏழரை லட்சம் வரைக்கும் கவர் இருக்கு. ஆனா அதுக்கு மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துல கேஸ் போடணும், வக்கீல் வெக்கணும், ஒரு கதவுக்காக எத்தன வருஷம் அலையறது சொல்லுங்க. ஆஃபீஸ்ல ஒருத்தர் "ஹிட் அண்ட் ரன்னா, அதுக்கு கவர்மென்டே காசு தருதே"ன்னாரு. தருது, செத்துட்டா 2 லட்சம், பலமான காயம்னா 50 ஆயிரம். தகரத்துக்கு கெடையாது.

மத்தியானம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டு இன்டிமேஷன் குடுத்தேன், கிளெய்ம் நம்பர் எஸ்எம்எஸ்ல வந்துச்சு. அந்த பொண்ணு எப்படி நடந்துச்சுன்னு கேட்டுச்சு, உள்ளது உள்ளபடி சொன்னேன், நின்ன வண்டி, ராத்திரி, அடையாளம் தெரியாத வண்டி. "போலீஸ்ல ஏதாவது குடுத்திருக்கீங்களா சார்"னு கேட்டுச்சு. இல்லன்னதும், குடுத்துட்டு காப்பி வெச்சுக்கோங்கன்னு சொல்லிச்சு.

சாயந்தரம் ஸ்டேஷன். ரைட்டர் மொதல்ல ட்ராஃபிக் இன்வெஸ்டிகேஷனுக்கு போங்கன்னாரு, அங்க போனா யாருக்கும் அடி படலல்ல, அப்ப உங்க ஸ்டேஷன்லயே குடுங்கன்னாங்க. திரும்பி வந்தேன். இந்த தடவ ஒரு ஏட்டய்யா உக்காந்திருந்தாரு, பொறுமையா வீடியோவ பாத்தாரு, மாட்ட பாத்து சிரிச்சாரு. "தம்பி, நம்பர் இல்லாம எஃப்ஐஆர் போட்டு நான் யாரப்பா தேடறது, சி.எஸ்.ஆர் போட்டு தரேன், இன்ஷூரன்ஸுக்கு அது போதும், பத்தலன்னா வா". சி.எஸ்.ஆர்னா புகார வாங்கி பதிஞ்சுகிட்டோம்னு ஸ்டேஷன்ல குடுக்கற ரசீது. எங்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அது போதுமாதான் இருந்துச்சு. உங்க கம்பெனிக்கு போதுமான்னு போன்லயே கேட்டுட்டு ஸ்டேஷனுக்கு போங்க, ரெண்டு நடை மிச்சம். கம்ப்ளெய்ண்ட்ட நான் ஒரு பக்கத்துக்குள்ள எழுதிருந்தேன், எந்த எடம், எத்தன மணி, எந்தெந்த பாகம், கேமரா கடிகார வித்தியாசம், கடைசில மோட்டார் வாகன சட்டம் 1988, 134ஆம் பிரிவுன்னு ஒரு வரி. சொத்துக்கு சேதம் பண்ணாலும் அந்த டிரைவர் 24 மணி நேரத்துக்குள்ள ஸ்டேஷன்ல சொல்லணும்னு அதுல இருக்கு. ஏட்டய்யா அந்த வரிய ரெண்டு தடவ படிச்சிட்டு "வக்கீலா"ன்னாரு. இல்லங்கய்யா, அக்கவுண்ட்ஸ்.

இனிமேதான் மெயின் கதையே. வண்டிய பாடி ஷாப்ல கொண்டு போய் விட்டேன். அங்க அட்வைசர் தம்பி, நல்ல பையன்தான், கிளெய்ம் ஃபார்ம நீட்டிட்டு கொஞ்சம் கொரல தாழ்த்தி, "சார், அடையாளம் தெரியாத வண்டின்னு எழுதுனா எஃப்ஐஆர் அது இதுன்னு இழுப்பாங்க. ரிவர்ஸ் எடுக்கும்போது தூண்ல இடிச்சிருச்சுன்னு எழுதிருங்க, நாலு நாள்ல முடிஞ்சிரும், எல்லாரும் அப்படித்தான் சார் எழுதுவாங்க"ன்னான்.

உண்மைய சொல்றேன், நான் எழுதிருப்பேன். பேனா மூடிய கழட்டிட்டேன். ரெண்டு நாளா ஸ்டேஷனுக்கும் பரணுக்கும் அலைஞ்சு நொந்து போயிருந்தேன், எவனோ இடிச்சதுக்கு நான்தான் இடிச்சேன்னு கையெழுத்து போட்டா என்ன, பணம் அதே பணம்தானேன்னு தோணுச்சு. அப்புறம்தான் மண்டைல ஏறுச்சு, நேத்து அந்த பொண்ணுகிட்ட போன்ல வேற மாதிரி சொல்லிருக்கேன், அந்த கால் ரெக்கார்டு ஆகிருக்கு, கைல சி.எஸ்.ஆர் இருக்கு. இப்ப தூண்ணு எழுதுனா நானே என் கிளெய்ம்ம ரிஜெக்ட் பண்ண காரணம் எழுதி குடுத்த மாதிரி. பொய் சொல்லிட்டான்னு ஒரு வரி போதும் அவங்களுக்கு. நடந்தத அப்படியே எழுதிட்டேன். ஃபார்ம்ல "விபத்தின் போது வண்டி ஓட்டியவர் பெயர்"னு ஒரு கட்டம். நின்ன வண்டிக்கு டிரைவர் பேரு என்னத்த எழுத? "வண்டி பார்க்கிங்கில் நின்றது"ன்னு அந்த சின்ன கட்டத்துக்குள்ள நுணுக்கி எழுதுனேன், ஆனாலும் லைசென்ஸ் காப்பி கேட்டு வாங்கிட்டாங்க.

ரெண்டு நாள் கழிச்சு சேதத்த பாத்து மதிப்பு போட இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தாரு. நானும் லீவ் போட்டுட்டு போயிருந்தேன். சேசிஸ் நம்பர், கிலோமீட்டர், எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டு, அந்த கோட்டு மேல கட்டை விரல வெச்சு பின்னாடில இருந்து மிரர் வரைக்கும் மெதுவா தடவிட்டு வந்தாரு. மஞ்ச பெயிண்ட்ட நகத்தால லேசா சுரண்டி பாத்தாரு. நான் ஊறுகா டப்பாவ தொறந்து காட்டுனேன். "குட்டி யானை"ன்னாரு, வீடியோவ பாக்கறதுக்கு முன்னாடியே. அப்புறம் ஃபார்ம படிச்சிட்டு, "பரவால்லயே, தூணு இல்ல"ன்னு சிரிச்சாரு. அட்வைசர் தம்பி வேற எங்கயோ பாத்துட்டு இருந்தான். முன் பம்பர்ல ஒரு பழைய கீறல் இருந்துச்சு, அத சர்வேயரே கை காட்டி "இது இதுல வராது சார், இது வேற கதை"ன்னு சொல்லிட்டாரு. சரிதான், அது என் மச்சான் கதை.

பின் கதவுக்கு மொதல்ல டென்டிங், அதாவது குழிய தட்டி எடுக்கற வேலை, மட்டும்தான் அப்ரூவ் பண்ணாரு. நான் அட்வைசர்கிட்ட டோர் பேட கழட்டி காட்ட சொன்னேன், கழட்டி பாத்தா உள்ள இருக்கற கம்பி பீம் வளைஞ்சிருக்கு, கண்ணாடி எறங்கும்போது ஒரு எடத்துல இடிக்குது. அத பாத்துட்டுதான் புது கதவுக்கு ஓகே சொன்னாரு. அன்னிக்கு நான் போகலன்னா தட்டி பட்டி பாத்து குடுத்திருப்பாங்க.

இப்ப கணக்கு. வண்டிக்கு 3 வருஷம் 4 மாசம். பாகங்களுக்கு தேய்மானம் வெட்டாம குடுக்கற ஜீரோ டெப் கவர் இல்ல, போன அக்டோபர்ல புதுப்பிக்கும்போது நான்தான் ஆயிரத்து சொச்சம் மிச்சம் பண்றேன்னு எடுத்து விட்டேன், அந்த புத்திசாலித்தனத்த என் ஒய்ஃப் இன்னும் மறக்கல. வரியோட மொத்த பில் 33,200. புது கதவு 11,200, இரும்பு பாகத்துக்கு மூணுல இருந்து நாலு வருஷ வண்டின்னா 25 சதவீதம் தேய்மானம், அதுல 2,800 போச்சு. மிரர் 3,200, கிளிப் மோல்டிங் 800, பிளாஸ்டிக்குக்கு பாதிக்கு பாதி, 2,000 போச்சு. பெயிண்டிங் மூணு பேனல் 12,000, அதுல கால்வாசிய பெயிண்ட் சாமான்னு எடுத்துகிட்டு அதுல பாதி வெட்டுவாங்க, 1,500. லேபர் 6,000, அதுல கை வெக்கல. கட்டாய பிடித்தம் 1,000, பழைய கதவுக்கு ஸ்கிராப் 300. ஆக என் கைல இருந்து 7,600, கம்பெனி குடுத்தது 25,600.

கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா நோ கிளெய்ம் போனஸ்னு ஒண்ணு இருக்கே, கிளெய்ம் பண்ணாம இருந்தா பிரீமியத்துல தர்ற தள்ளுபடி. எனக்கு 35 சதவீதம் இருந்துச்சு, வர்ற அக்டோபர்ல 45 ஆகிருக்கும், இப்ப பூஜ்யம். திரும்ப 20, 25, 35, 45னு ஏறி 50க்கு வர்றதுக்கு அஞ்சு வருஷம். என் ஓன் டேமேஜ் பிரீமியம் (நம்ம வண்டி சேதத்துக்கு கட்டற பங்கு) போனஸ் கழிக்கறதுக்கு முன்னாடி ஏறக்கொறைய 6,000. மொத வருஷம் 45 சதவீத நஷ்டம், அப்புறம் 30, 25, 15, 5ன்னு கூட்டி பாத்தா 120 சதவீதம், அதாவது 7,200. அப்ப இந்த கிளெய்முக்கு என் உண்மையான செலவு 14,800. இதே வேலைக்கு எங்க ஏரியா டிங்கரிங் பட்டறைல கேட்டது எவ்ளோ தெரியுமா? 14,000, மிரர் புதுப்பேட்டைல இருந்து செகண்ட் ஹேண்ட்.

இந்த கணக்க நான் பேப்பர்ல போட்டது பில் வந்ததுக்கு அப்புறம். மொதல்லயே போட்டிருந்தாலும் கிளெய்ம்தான் பண்ணிருப்பேன்னு நெனக்கறேன், பீம் வளைஞ்ச கதவ தட்டி எடுத்தா அதுல பாப்பாவ உக்கார வெக்க மனசு வராது, அவ சீட் அந்த பக்கம்தான். ஆனா வெறும் கோடும் மிரரும் மட்டும்னா கண்ண மூடிட்டு பட்டறைக்கு போயிருக்கணும். பத்தாயிரத்துக்குள்ள வேலைன்னா கிளெய்ம்ம தொடவே தொடாதீங்க.

வண்டி கைக்கு வர 12 நாள் ஆச்சு. நெழல்ல பாத்தா கலர் ஒண்ணாதான் இருக்கு, மத்தியான வெயில்ல பின் கதவு மட்டும் ஒரு பொட்டு வெளுப்பா தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியுதாம், வேற யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. சி.எஸ்.ஆர் நம்பர ஆன்லைன்ல போட்டு அப்பப்போ பாக்கறேன், அது போட்டது போட்டபடி இருக்கு. போன ஞாயித்துக்கெழமை மாமி கூப்ட்டாங்க, "ஏம்ப்பா, உன் வண்டி வேலதான் முடிஞ்சுதே, அந்த கேமரா கடிகாரம் தப்பா ஓடறதுன்னியே, அத சரி பண்ணி குடுத்துட்டு போயேன்"னு. மறுபடியும் பாஸ்வேர்டு மறந்து போச்சு, மறுபடியும் அந்த பையனுக்கு போன். 41 நிமிஷம் பின்னாடி தள்ளி வெச்சிட்டு, காபி குடிச்சிட்டு வந்தேன்.