பள்ளம் வெட்டப் போய்க் குழாயில் நின்ற கதை

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுவதை நாங்கள் பள்ளம் என்போம். பஞ்சாயத்துக் காகிதத்தில் அது தோடு. பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர் தாலுகாவில், எங்கள் வார்டில் வீட்டுப் பேச்சு தமிழ், ஆபீஸ் எழுத்து மலையாளம். அதனால் ஒரே ஓடைக்கு இரண்டு பெயர். வருடத்தில் முக்கால்வாசி நாள் அதில் ஆடு மேயும். கடைசியில் பாரதப்புழையில் போய்ச் சேருகிற தண்ணீர் இது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

2018 ஆகஸ்டில் தொழுவத்தில் முழங்கால் அளவு தண்ணீர். அந்த வருடம் கேரளமே மிதந்தது, யாரைக் குறை சொல்ல? ஆனால் 2022-ல் ஒரே ராத்திரி மழைக்கு மறுபடியும் உள்ளே வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் பள்ளம் இருந்த இடத்தில் புதரும் மண்மேடும்தான். வில்லேஜ் ஆபீஸ் ஸ்கெட்சில் நான்கு மீட்டர் அகலம். நேரில் இரண்டு மீட்டர்கூடத் தேறவில்லை. மீதியில் தென்னை நின்றது. அதில் மூன்று மரம் எங்கள் மாமனார் வைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கிராம சபை. கேரளத்தில் ஒவ்வொரு வார்டுக்கும் தனிக் கிராம சபை உண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும், வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வந்தால்தான் கோரம். வருகிறவர்களில் பாதிப் பேர் வீடு, ஆடு, கோழி லிஸ்டில் பேர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிவிடுவார்கள். பள்ளத்தை ஒட்டி இருக்கும் பதினோரு வீட்டுக்காரர்களும் கடைசிவரை உட்கார்ந்திருந்தோம். மெம்பர் அக்கா தீர்மானத்தில் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கே! ஓவர்சியர் ஸ்கெட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சேச்சி, தோடு சுத்தம் பண்ணல்னு மட்டும் எழுதினா மேலே பாஸ் ஆகாது. வருஷா வருஷம் ஒரே இடத்துல புல்லு வெட்டற வேலைன்னு சொல்லுவாங்க. கரைக்குக் கயர் பூவஸ்திரம் சேர்த்து எழுதலாம்” என்றார். தேங்காய் நாரில் பின்னிய வலைதான் அந்தப் பூவஸ்திரம். கரையைச் சரிவாகச் செதுக்கி, வலையின் மேல் விளிம்பை மண்ணுக்குள் புதைத்து, மூங்கில் முளை அடித்து, இடையிடையே புல் நட வேண்டும். சில வருடத்தில் வலை மக்கிவிடும், அதற்குள் புல் வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும். சிமென்ட் சுவரே கட்டிவிடலாமே என்று கேட்டவர்களும் உண்டு. இந்த வேலை தொழிலுறுப்புத் திட்டத்தில், அதாவது நூறு நாள் வேலைத் திட்டத்தில். அதில் அப்போது நூற்றுக்கு அறுபது கூலிக்கு, நாற்பது பொருளுக்கு என்ற கணக்கு இருந்தது, சுவர் அதற்குள் அடங்காது.

2023 ஏப்ரலில் மஸ்டர் ரோல், அதாவது வேலையாட்களின் வருகைப் பதிவேடு, வந்தது. அப்போது நாள் கூலி 333 ரூபாய். நானும் அந்தத் திட்டத்தின் வேலை கார்டு வைத்திருந்தவள். இருபத்திரண்டு பேர், ஒரு ஆண்கூட இல்லை. காலையிலும் மதியமும் மேட், அதாவது வேலையை மேற்பார்க்கிறவர், போனில் எங்களைப் படம் எடுக்க வேண்டியிருந்தது. டவர் கிடைக்காத இடத்தில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர் மேட்டில் ஏறி நின்றதே தனிக் கூத்து.

வேலையை எங்கே ஆரம்பிப்பது என்பதில்தான் முதல் சண்டை. எல்லாருக்கும் அவரவர் வீட்டுப் பின்பக்கம்தான் அவசரம். எங்களில் மூத்த அக்கா, “கீழ அடைச்சுக் கெடந்தா மேல வெட்டறதெல்லாம் குட்டைதான், கீழ இருந்து வாங்க” என்றார். அதே அக்காதான் தாழம்புதரை வெட்டவிடாமல் நிறுத்தினார். ஓட்டத்துக்குக் குறுக்கே சாய்ந்ததை மட்டும் கழித்தோம், கரையில் நின்றதை விட்டுவிட்டோம். பின்னால் மழையில் இடியாமல் நின்றது அந்தத் துண்டுதான்.

ஒரு தப்பு செய்தோம். அள்ளிய மண்ணைக் கரையிலேயே கொட்டினோம். மே மாதக் கோடை மழை ஒன்று வந்து, அதில் நல்ல பங்கைத் திரும்ப உள்ளே இறக்கியது. இரண்டு நாள் வேலை வீண். அப்புறம் கூடையில் சுமந்து தென்னங்குழிகளில் போட்டோம். வண்டல் தென்னைக்கு நல்லதுதான், ஆனால் பாட்டிலும் பால் கவரும் டயப்பரும் பொறுக்கி எடுத்தபிறகுதான் அது வண்டல்.

இப்படியே மேலே வந்து, ரோட்டைத் தாண்டியும் வெட்டிய பிறகுதான் ரோட்டின் அடியைப் பார்த்துக் கை நின்றது. ரோட்டுக்கு அடியில் இரண்டு சிமென்ட் குழாய், ஒன்று பாதிக்கு மேல் தூர்ந்தது. கீழேயும் மேலேயும் மூன்று மீட்டருக்கு வெட்டிவிட்டு, நடுவில் இரண்டு குடம் அகலத்தில் ஒரு தொண்டை. மேலே ஓட்டம் வேகமாகியிருக்கிறது. வருகிற தண்ணீரைக் குழாய் உள்வாங்காவிட்டால் அது தேங்குவது எங்கள் வீடுகளுக்குப் பின்னால்தான். அதாவது நாங்கள் பாடுபட்டு வெள்ளத்தைச் சீக்கிரம் வரவழைத்திருக்கிறோம். ஓவர்சியர் தலையைச் சொறிந்தார். “குழாய் விட்டம் இரண்டு மடங்கானா வாய் நாலு மடங்காகும், மாத்தினா போதும். ஆனா ரோடு நம்ம பஞ்சாயத்துது இல்லையே.”

ரோடு யாருடையதோ அவர்களுக்குத் தமிழிலேயே மனு எழுதினேன். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தாய்மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் தர வேண்டும் என்று 1969-ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டம் சொன்னது. எனக்குப் பதில் மலையாளத்தில் வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் வாசித்துச் சொன்னான்: பரிசீலனையில் இருக்கிறது.

ஜூன் காத்திருக்காது. நீள மூங்கிலின் நுனியில் சாக்கைக் கட்டி, இரண்டு பக்கமிருந்தும் குத்திக் குத்திக் குழாயைத் திறந்தோம். குழாய்க்கு இருபது அடி மேலே சவுக்குக் கட்டைகளை இடைவெளி விட்டு நட்டோம். மட்டையும் குப்பையும் குழாய் வாயில் போய்ச் சொருகாமல், கைக்கு எட்டுகிற இடத்திலேயே நிற்கட்டும் என்று. இதற்கு மஸ்டர் ரோல் கிடையாது, இரண்டு ஞாயிற்றுக்கிழமை டீயும் வடையும்தான் கூலி.

2024 ஜூலை கடைசியில், வயநாட்டில் மலை சரிந்த அந்த மழையில், தண்ணீர் தொழுவத்து வாசல்படி வரை வந்தது. மாட்டை அவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தேன். ஏறவில்லை, சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் காலை சவுக்குக் கட்டையைப் பார்க்கப் போனோம். அடைத்துக் கிடந்ததில் பாதிக்கு மேல் தென்னை மட்டை, அதுவும் மாமனார் வைத்த மரத்து மட்டை. அந்த மூன்று மரத்தையும் என்ன செய்வது என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. குழாய் பரிசீலனையில் இருக்கிறது.