வாறனும் வாறானும்

வாட்சப்பில் இலங்கைத் தமிழரின் ஊர்ப்பேச்சை எழுத இலக்கணம் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். எழுத்துத்தமிழை விட அதற்குத்தான் கூடக் கவனம் வேணும்.

'வருகிறேன்', 'வருகிறான்' இரண்டும் பார்த்த உடனே வேறு வேறு. பேச்சில் அவை 'வாறன்', 'வாறான்'. இடையில் ஒரேயொரு அரவுதான் (ா என்ற கால்). "6 மணிக்குப் பெரியகடைக்கு வாறான்" என்று கை தவறி விழுந்தால், நீங்கள் வாறீங்களா, உங்கட தம்பி வாறானா? நேரில் கதைக்கும்போது குரல் காப்பாற்றும். திரையில் அரவு மட்டும்தான் காப்பாற்றும்.

அடுத்தது ற. 'வருகிறேன்' என்பதில் உள்ள 'கிறு' என்ற நிகழ்கால இடைநிலை தேய்ந்து, மிஞ்சியதுதான் 'வாறன்' என்பதன் ற. ஆகவே 'வாரன்' பிழை. கிழக்கில் எழுதுவோரிடம் இது நிறையவே வரும். குற்றம் முழுக்க அவர்களுடையதும் இல்லை: ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் விசைப்பலகைகள் பலவற்றில் சின்ன ஆர் 'ர', பெரிய ஆர் 'ற'. ஷிப்டை அமத்தப் பஞ்சிப்பட்டால் 'வாரன்'தான் விழும். கூகுளின் ஜிபோர்ட் விசைப்பலகை என்றால் அமைப்புகள், அகராதி, தனிப்பட்ட அகராதி, தமிழ் என்று போய் 'வாறன்', 'போறன்', 'சொல்லுறன்' மூன்றையும் ஒருமுறை சேர்த்து வையுங்கள்.

'வருகிறன்' என்று எழுதுவதுதான் எனக்குக் கண்ணில் குத்துவது. தலை எழுத்துத்தமிழ், வால் பேச்சுத்தமிழ். ஒன்றில் 'வருகிறேன்', இல்லாவிட்டால் 'வாறன்'.

பிரதேச செயலகத்துக்கு மின்னஞ்சல், மரண அறிவித்தல் இரண்டுக்கும் எழுத்துத்தமிழ்தான். இதில் பேச்சே இல்லை. ஆனால் மாமியிடம் 'சாப்பிட்டீர்களா?' என்று கேட்டால், என்ன கோபமோ என்று அவ யோசிப்பா.

திருகோணமலைக் குழுக்களில் 'வரும்போது' என்பதற்கு யாழ்ப்பாணத்து 'வரேக்க'யும் மட்டக்களப்புப் பக்கத்து 'வரக்குள்ள'வும் ஒரே உரையாடலில் நிற்கும். இரண்டும் எல்லாருக்கும் விளங்கும், திருத்தத் தேவையில்லை. 'ஓம்' என்பதை 'ஆம்' ஆக்கவும் தேவையில்லை. சிக்கல் 'அவை'யில். யாழ்ப்பாண வழக்கில் அது ஆட்கள். இலக்கணத்தில் அஃறிணைப் பன்மை. "அவை வந்திட்டினம், கோயிலடியில நிக்கினம்" என்பதைத் தமிழ்நாட்டு நண்பர் வாசித்தால் மான்கள் என்றுதான் நினைப்பார். (கோணேசர் கோயிலடியில் மான்கள் நிற்பது உண்மைதான், அது வேறு கதை.) வெளியூர் ஆட்கள் உள்ள குழுவில் 'அவை'யை விட்டு, "மாமியாக்கள் வந்திட்டினம்" என்று ஆளைச் சொல்லியே எழுதுங்கள்.