சைக்கிள் ஷெட்: ஒருவழியாகக் கதவு மூடுகிறது

கதவு மூடுகிறது. இரண்டு கதவுக்கும் நடுவே மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக 4 மி.மீ. இடைவெளி. சுண்டுவிரலால் தள்ளினால் போதும், தாழ்ப்பாள் தானாகப் போய்த் தன் துளையில் உட்காருகிறது. சும்மா திறந்து மூடிக்கொண்டே இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் இதற்குள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பார். வரட்டும்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அல்சூர் பக்கம் பழைய தனி வீடு, வாடகை. கார் நிறுத்தும் இடம் உண்டு, கார் கிடையாது. நான்கு சைக்கிள்கள். இதுவரை எல்லாம் ஹாலில் நின்றன, அதற்கு வீட்டில் நிலவிய எதிர்ப்பை விவரிக்க வேண்டியதில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் அனுமதி கேட்டபோது, "பத்து மாச அட்வான்ஸ் என்கிட்டதானே இருக்கு தம்பி, டைல்ஸ் உடைஞ்சா அதுல பிடிச்சுக்கறேன்" என்றார். பெங்களூரில் இதைவிடத் தெளிவான ஒப்பந்தம் கிடைக்காது.

பெட்டியின் உள்ளளவு நீளம் 2 மீட்டர், ஆழம் 95 செ.மீ., பின்பக்க உயரம் 1.5 மீட்டர், முன்பக்கம் கொஞ்சம் தாழ்வு. சைக்கிள்களை ஒன்றுக்கொன்று தலைமாற்றி நிறுத்தினால் நான்கும் அடங்கும். ஆன்லைனில் விற்கும் தோட்ட ஷெட்கள் பெரும்பாலும் 0.3 மி.மீ. தகடு. டின் வெட்டும் கத்தரி போதும், பூட்டைத் தொடவே வேண்டாம். அதனால் 18 கேஜ் (கேஜ் என்பது தகட்டின் தடிமனைச் சொல்லும் எண்) ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, 40 மி.மீ. சதுரக் குழாய் சட்டம் என்று முடிவு செய்து பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் கொடுத்தேன். 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ., அந்தத் தோட்ட ஷெட் தகட்டைவிடத் தடிமன் நாலு மடங்குதான், ஆனால் வளைக்கத் தேவையான விசை தடிமனின் மும்மடியில் ஏறும், அதாவது அறுபத்து நாலு மடங்கு. எடையும் தடிமனுக்கேற்ப நாலு மடங்கு. ஒரு சதுர மீட்டர் கிட்டத்தட்ட 9.4 கிலோ, தகடு மட்டுமே நூறு கிலோ. கேட் குறுகல் என்பதால் பக்கங்களைத் தனித்தனியாகச் செய்து, இங்கே கொண்டுவந்து உள்ளிருந்து போல்ட் போடும்படி கேட்டேன்.

இங்கே ஒரு புலம்பல். பட்டறைக்குப் போகும் முன் வேறொரு கடையில் '18 கேஜ்' என்று கொடுத்த மாதிரித் துண்டை மைக்ரோமீட்டரில் வைத்தால் 0.9 காட்டியது. கேட்டதற்கு, "கோட்டிங் சேர்த்துதான் சார் கணக்கு" என்று பதில். சதுர மீட்டருக்கு 120 கிராம் துத்தநாகம் என்றால் இரு பக்கமும் சேர்த்தே 0.017 மி.மீ.தான் வரும். மீதி 0.28 மி.மீ. எந்தக் கோட்டிங்கில் போயிற்று என்று அவர் சொல்லவில்லை. தகடு வாங்கும் யாராக இருந்தாலும் கேஜ் பேசாதீர்கள், மில்லிமீட்டர் பேசுங்கள், அளக்கும் கருவியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.ஜே.பி. ரோட்டில் சாதாரண டிஜிட்டல் வெர்னியரே கிடைக்கும், இந்த வேலைக்கு அது தாராளம்.

பீன்யா பட்டறை அண்ணா அந்த வகையில் தங்கம். வெல்டிங் வைக்கும் இடத்தில் மட்டும் துத்தநாகத்தை ஃபிளாப் டிஸ்க்கால் (கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் வட்டு) சுரண்டிவிட்டுத்தான் வைப்பார். துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும், இரும்போ 1500 டிகிரி அருகில்தான் உருகும். ஆகவே சுரண்டாமல் பற்றவைத்தால் வெள்ளைப் புகை கிளம்பும், அதைச் சுவாசித்தவருக்கு இரவு குளிரும் காய்ச்சலுமாக ஆடிப்போகும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் ஒரு நம்பிக்கை உண்டு. புகையை இழுக்காமல் இருப்பதுதான் வைத்தியம். பற்றவைத்த இடமெல்லாம் பிறகு ஜிங்க் பெயின்ட் அடித்து, அதன்மேல் பவுடர் கோட்டிங்.

சரி, கதவுக்கு வருகிறேன்.

பட்டறையில் கட்டிப் பார்த்தபோது கதவு அச்சாகப் பொருந்தியது. வீட்டில் கட்டியதும் இடது கதவு வலது கதவின் மேல் ஏறியது. கழற்றிக் கட்டினால் இன்னொரு மாதிரி ஏறியது. கீலைத் தட்டினோம், துளையை அரத்தால் அகட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியின் மூன்று பக்கங்கள் முழுத் தகடு, அவை தம் வடிவத்தை விடாது. முன்பக்கம் மட்டும் முழுக்கக் கதவு, அங்கே வெறும் சட்டம்தான். தரையில் இருக்கும் கோணல் முழுவதும் அந்தப் பலவீனமான பக்கத்தைத் தேடிப் போய் உட்காருகிறது. கணக்குப் போட்டால் இன்னும் கடுப்பாகும். 1.3 மீட்டர் உயர நிலைக்கால் மேலே 4 மி.மீ. சாய்ந்தால், 95 செ.மீ. அகலக் கதவின் முனை ஏறக்குறைய 3 மி.மீ. இறங்கிவிடும். மறுபக்கக் காலும் அதே திசையில் சாய்ந்தால் அந்தக் கதவின் முனை ஏறும், வித்தியாசம் இரட்டிப்பு. மொத்த இடைவெளியே நாலுதான்.

தரை எப்படி என்றால், தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்துப் போட்ட பார்க்கிங் டைல்ஸ். பின்னிருந்து கேட் பக்கம் நல்ல இறக்கம். அது பரவாயில்லை, ஒரே சீரான சரிவு என்றால் நாலு மூலையிலும் முட்டுக் கொடுத்துச் சமாளிக்கலாம். ஆனால் வடிகால் பக்கத்து மூலை மட்டும் தனியாக 6 மி.மீ. உட்கார்ந்திருக்கிறது. ரசமட்டத்தை எந்தத் திசையில் வைத்தாலும் வேறு வேறு கதை சொன்னது.

தெருக்கோடியில் வேலை செய்துகொண்டிருந்த தர்மபுரிக்கார மேஸ்திரியை டீக்கடையில் பிடித்து அழைத்துவந்தேன். டியூப்பில் தண்ணீர் நிரப்பி நாலு மூலையும் பார்த்தார். பிறகு என் ரசமட்டத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். "தரையைப் பார்த்துக்கிட்டே இருந்தா ஆகாது சார். கதவை மாட்டுங்க, கதவு எப்போ சேருதோ அப்போ அடியைப் பூட்டுங்க."

கட்டும் முறைக்கான படத்தில் போட்டிருந்தது இதற்கு நேரெதிர். முதலில் அடிச்சட்டத்தைத் தரையில் பூட்டு, அப்புறம் சுவர், கடைசியில் கதவு. நாங்கள் எல்லாவற்றையும் கட்டி, கதவையும் மாட்டி, அதற்குப் பிறகு பெட்டியை மூலை மூலையாகக் கடப்பாரையால் நெம்பினோம். அளவுகோல் ஒன்றே ஒன்று, கதவு வாயின் இரண்டு மூலைவிட்டங்கள். ஆரம்பத்தில் இரண்டுக்கும் 7 மி.மீ. வித்தியாசம். வடிகால் மூலைக்கு அடியில் தகட்டுத் துண்டு சேர்க்கச் சேர்க்க அது குறைந்தது. இரண்டும் சமமான கணத்தில் கதவு தானாகச் சேர்ந்தது, கீலைத் தொடவே இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவு பாதிதான். போல்ட்டை இறுக்கியதும் கதவு மறுபடி விலகியது! மூலைகளில் முட்டு இருக்கிறது, போல்ட் இருப்பதோ மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளி. இறுக்கும்போது சட்டம் முட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே வளைந்து தரையைத் தேடிப் போகிறது. ஆகவே முட்டு மூலையில் இருந்து பயனில்லை, ஒவ்வொரு போல்ட்டையும் சுற்றி இருக்க வேண்டும். மிச்சமிருந்த தகட்டை 'ப' வடிவில் வெட்டி, போல்ட்டின் இருபுறமும் கவ்வும்படி பக்கவாட்டில் சொருகினேன். 1.2 மி.மீ. தகடு என்பதால் அதுவே அளவு. இன்னும் நுணுக்கமாக வேண்டிய இடத்தில் பழைய சைக்கிள் ஸ்பேசர் வாஷர்கள். மரச் சீவல் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஒரு மழைக்காலம் தாங்காது.

போல்ட்டே தனிக் கதை. சாதாரண விரியும் ஆங்கர் போட்டால் இறுக இறுகச் சுற்றிக்கொண்டே இருந்தது. டைல்ஸுக்குக் கீழே இருப்பது ஒன்றரை, இரண்டு அங்குலச் சாந்து, அதற்குக் கீழேதான் கான்கிரீட். ஆங்கர் விரிவது சரியாக அந்தச் சாந்தில். எனவே கெமிக்கல் ஆங்கர், அதாவது துளைக்குள் பிசினை நிரப்பி அதில் ராடை ஒட்டவைப்பது. 10 மி.மீ. திரெட் ராடு, 12 மி.மீ. துளை, கான்கிரீட்டுக்குள் மட்டுமே 90 மி.மீ. போகும்படி ஆழம். டைல்ஸைத் தாண்டும் வரை டிரில்லில் ஹாமரை அணைத்துவிடுங்கள் (அட்வான்ஸ் ஞாபகம் இருக்கட்டும்). பிசின் பிடிப்பதும் பிடிக்காததும் துளையின் சுத்தத்தில் இருக்கிறது. ஊது, பிரஷ் போடு, மறுபடி ஊது. அதற்கென்று விற்கும் ஊதுகருவி எதற்கு, சைக்கிள் பம்ப் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் சொருகினால் போதும், கண்ணாடி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பிசின் அடைத்து வரும் கார்ட்ரிட்ஜிலிருந்து முதலில் வருவதை வீசிவிட வேண்டும், நிறம் ஒரே மாதிரி வந்த பிறகே துளைக்குள். இறுகிய பின் நட்டை முட்டின்மேல் அழுந்தும் அளவுக்குத் திருகினால் போதும், பலத்தைக் காட்ட வேண்டாம். வீட்டைக் காலி செய்யும்போது ராடுகளைத் தரையோடு அறுத்துவிட்டு வெள்ளைச் சிமென்ட் பூசிவிடலாம்.

பூட்டு பற்றிக் கேட்பீர்கள். கொண்டியும் நாதாங்கியும் ஓர் இரும்புக் கூட்டுக்குள் இருக்கின்றன, சாவி போடக் கீழிருந்து கை நுழையும் அளவுக்கு மட்டும் வாய். உள்ளே ஒரு கோத்ரெஜ் நவ்தால் பூட்டு. கீல்கள் உள்பக்கம். கதவுகள் சேரும் இடத்தை மறைத்து வெளியே ஒரு பட்டை, கடப்பாரை நுனி நுழையாதபடி. பேட்டரி கிரைண்டரோடு வருகிறவனை இவை எதுவும் நிறுத்தப்போவதில்லை, தாமதமாக்கும், சத்தம் போடவைக்கும், அவ்வளவுதான். சொந்த ஊர் திண்டுக்கல் என்பதால் முதலில் மாங்காய்ப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட ஆசைப்பட்டேன். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு, சும்மாவா? அந்தக் கூட்டுக்குள் அது நுழையவில்லை. இப்போது கருவிப் பெட்டியைக் காக்கிறது.

மிச்சம் இருப்பவை. கூரை விளிம்புக்கு மழைநீர்த் தகடு இன்னும் மாட்டவில்லை, இங்கே செப்டம்பர்தான் ஊற்றித் தள்ளும் மாதம் என்பதால் அதற்குள் ஆக வேண்டும். டிசம்பர் இரவுகளில் வெளியே 15 டிகிரி அளவுக்கு இறங்கும்போது கூரைத் தகட்டின் உள்பக்கம் வியர்த்துச் சங்கிலியில் சொட்டும் என்று பட்டறை அண்ணா எச்சரித்திருக்கிறார். பின்சுவரில் மேலும் கீழும் வலை போட்ட காற்றுத் துளைகள் வெட்டப் போகிறேன், கீழே இறக்கப் பக்கத்து விளிம்பை அடைக்காமல் விட்டதும் அதற்காகத்தான். சரிவின் மேட்டுப் பக்க விளிம்பில் மட்டும் சுருங்காத கிரவுட் (இடுக்கு அடைக்கும் சிமென்ட் கலவை) நிரப்பியாயிற்று.

அப்புறம் உள்தரை. கடப்பா கல் பாவலாம் என்று நினைக்கிறேன், ஈரம் பிடிக்காது, துடைக்க எளிது. வாசலில் 40 மி.மீ. சட்டம் குறுக்கே நிற்பதால் இப்போது மகளால் தன் சைக்கிளைத் தூக்கி வைக்க முடியவில்லை. 20 மி.மீ. கல்லும் அதற்குக் கீழ் சாந்தும் சேர்ந்தால் உள்ளே மட்டம் வந்துவிடும், வெளியே ஒரு சின்னச் சரிவுத் தகடு வைத்தால் உருட்டிக்கொண்டு போகலாம். ஆனால் கல்லைப் பாவும் முன் நடுவில் சங்கிலிக்கு ஒரு தரை வளையம் பதிக்க வேண்டும், கார்ட்ரிட்ஜில் மிச்சமிருந்த பிசின் முனையிலேயே இறுகிவிட்டது, இன்னொன்று வாங்க வேண்டும்.