பரமட்டாவிலிருந்து பென்ரித்துக்கு: ஒரு கிளியரன்ஸ் வாங்கிய கதை

சீசன் முடிந்துவிட்டதே என்று டீம் வாட்ஸாப் குழுவிலிருந்து அவசரப்பட்டு வெளியேறிவிடாதீர்கள். சிட்னியில் பிள்ளையை ஒரு ரக்பி லீக் கிளப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். காரணம் போகப் போகப் புரியும்.

நாங்கள் வென்ட்வொர்த்வில்லில் வாடகைக்கு இருந்தோம். இந்த வருடம் ஜோர்டன் ஸ்பிரிங்ஸில் சொந்த வீடு அமைந்தது. ரக்பி லீக் கணக்கில் இது பரமட்டா பகுதியிலிருந்து பென்ரித் பகுதிக்குக் குடிபோவது. சாயங்காலம் ஆறு மணிப் பயிற்சிக்கு எம்4 சாலையில் ஊர்ந்து போய்த் திரும்புவது எவருக்கும் கட்டுப்படியாகாது. மகனுக்கு அடுத்த வருடம் ஹரோல்ட் மேத்யூஸ் கோப்பைக்கான வயது, அதாவது பெரிய கிளப்புகளின் ஜூனியர் அணிகள் மோதும் 17 வயதுக்குட்பட்டோர் பிரிவு. போட்டிகள் பிப்ரவரியில் தொடங்கும். ஆட்களைப் பொறுக்குவதெல்லாம் கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே மாறுவதானால் உடனே மாற வேண்டும்.

புது கிளப்பில் ஆன்லைன் பதிவு பத்து நிமிட வேலை. அப்புறம்தான் கிளியரன்ஸ், அதாவது பழைய கிளப் தரவேண்டிய விடுவிப்பு.

புது கிளப் கேட்க வேண்டும், பழைய கிளப் ஒப்புதல் தர வேண்டும், அவ்வளவுதான் விதி. கட்டண பாக்கி, திருப்பித் தராத உடை, முடியாத தடைத் தண்டனை என்று ஏதாவது இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். எங்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை. ஆனாலும் திரையில் 'நிலுவையில்' என்ற சொல் வாரக்கணக்கில் அசையாமல் நின்றது. பதிவுச் செயலாளருக்கு மின்னஞ்சல் போட்டால் பதில் இல்லை. சரி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை மைதானத்துக்குப் போனோம். சீசன் முடிந்த மைதானத்தில் கேன்டீன் பூட்டியிருந்தது, நாய் நடத்த வந்த ஒரு பெரியவரைத் தவிர ஆளில்லை. ஆஃப் சீசனில் நேரில் போவது பெட்ரோலுக்குப் பிடித்த கேடு.

கடைசியில் ஒரு வரி பதில் வந்தது: 'ஒரு மேட்ச் ஜெர்சி பாக்கி.' இங்கேதான் வாட்ஸாப் குழு காப்பாற்றியது. ஆகஸ்டில் டீம் மேனேஜர் அந்தக் குழுவிலேயே எல்லா ஜெர்சியும் வந்து சேர்ந்துவிட்டதாக எழுதி, பெற்றோருக்கு நன்றியும் சொல்லியிருந்தார். என் மனைவி அதைத் தேடி எடுத்து, ஸ்கிரீன்ஷாட்டை எல்லோருக்கும் சிசி போட்டு அனுப்பினாள். ஜெர்சி பேச்சு அன்றோடு நின்றது. கிளியரன்ஸ் மட்டும் வரவில்லை.

உண்மைக் காரணம் பழைய கோச் போன் செய்தபோது வெளியே வந்தது. நல்ல மனிதர், ஒன்பது வயதிலிருந்து மகனுக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். "போவதானால் வேறு எங்காவது போகட்டும். நாங்கள் வளர்த்துப் பென்ரித்துக்கா கொடுக்க வேண்டும்?" என்றார். வீடு மாறிவிட்டோம் என்று சொன்னேன். "எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்" என்றார்.

கோபம் வந்தது. அவர் ஏன் அப்படிப் பேசுகிறார் என்பதும் புரியத்தான் செய்தது. அந்தப் பகுதியின் தொழில்முறை அணியான பரமட்டா ஈல்ஸ் நாட்டின் முதல்தரக் கோப்பையைக் கடைசியாக வென்றது 1986-ல். 2009-க்குப் பிறகு 2022-ல்தான் மறுபடி இறுதிப் போட்டிக்கு வந்தார்கள். அங்கே 28-12 என்று அவர்களை வீழ்த்தியது பக்கத்து வீட்டுப் பென்ரித். அந்தப் பென்ரித் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை கோப்பையைத் தூக்கியது. அதில் பெரும்பங்கு காசு கொடுத்து இறக்கிய நட்சத்திரங்களால் வந்ததல்ல. நேதன் கிளியரி, ஜரோம் லுவாய், பிரையன் டோஓ, ஸ்டீபன் கிரைட்டன் எல்லோரும் அவர்களுடைய ஜூனியர் அணிகளில் ஏறி வந்தவர்கள். மவுண்ட் ட்ரூயிட் பக்கம் தெருவில் பந்து எறிந்து விளையாடும் பையன் இன்னும் சில வருடத்தில் முதல்தரத் தொழில்முறைப் போட்டியான என்.ஆர்.எல். ஆடலாம் என்ற நம்பிக்கையை அந்த நான்கு வருடங்கள் ஊருக்கே கொடுத்துவிட்டன. அதைப் பார்த்த பிறகு, இந்தப் பக்கம் ஓரளவு ஓடக்கூடிய எந்தப் பையனையும் விட்டுக்கொடுக்க ஆளில்லை.

இதில் வேடிக்கை, பென்ரித்தும் வளர்த்தவர்களை வைத்துக்கொள்ள முடிவதில்லை. ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறதே. கோப்பை வென்ற பையன்களின் விலை ஏறும், எல்லோருக்கும் கொடுக்கப் பணம் இருந்தாலும் விதி விடாது. 2023 முடிந்ததும் கிரைட்டன் புல்டாக்ஸுக்குப் போனார், 2024 முடிந்ததும் லுவாய் வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்குப் போனார். பெரிய கிளப்புகள் இப்படி இழப்பது வியாபாரம். அதற்காகச் சம்பளமே வாங்காத பதினைந்து வயசுப் பையனின் காகிதத்தை ஒரு வட்டாரக் கிளப் பிடித்து வைத்துக்கொள்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவன் யாருடைய சொத்தும் இல்லை.

வழி காட்டியது புது கிளப்பில் அறிமுகமான ஒரு யாழ்ப்பாணத்து அப்பா. அவர் மகனும் இதே சுழலில் சிக்கி மீண்டவன். "அண்ணை, கிளப்புக்கு எழுதி என்ன பிரயோசனம்? டிஸ்ட்ரிக்டுக்கு எழுதுங்கோ. வீட்டு முகவரிக்கு ஆதாரத்தையும் சேர்த்துப் போடுங்கோ" என்றார். கிளப்புகளுக்கு மேலே இருக்கும் அந்த வட்டார அமைப்புக்கு எழுதினேன். புது முகவரியில் வந்த மின்கட்டண ரசீது, கட்டணம் செலுத்திய ரசீது, அந்த ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் இணைத்து, எந்த விதியின்படி நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன். புலம்பலைக் கடிதத்தில் சேர்க்கவில்லை, அதை வீட்டில் தீர்த்துக்கொண்டேன். மறுநாள் மதியம் கிளியரன்ஸ் வந்துவிட்டது!

ஆனால் வேறு யாரோ ஒருவனுக்கு வந்திருந்தது.

நம் ஊர்ப் பெயர் வைக்கும் முறை தெரியுமல்லவா, பிறப்புச் சான்றிதழில் முதலில் அவன் பெயர், குடும்பப் பெயர் இடத்தில் என் பெயர். முதல் வருடம் பதிவு செய்த தன்னார்வலர் இரண்டையும் மாற்றித் தட்டிவிட்டார். ஆக, பரமட்டாப் பக்கம் இத்தனை வருடம் ஆடியது, ஆவணப்படி, நான்! சான்றிதழில் உள்ளபடி புது கிளப் போட்ட பதிவில் அவன் அனுபவமே இல்லாத புது ஆட்டக்காரன். பிறந்த தேதி ஒன்றாக இருந்ததால் இரண்டு கணக்குகளும் முடங்கின. ஒரே ஆளின் பதிவுதான் இரண்டும் என்று நிரூபித்து இணைக்கச் சொல்லி, சான்றிதழும் பாஸ்போர்ட் நகலும் அனுப்ப வேண்டியிருந்தது. தமிழ்ப் பெற்றோர் யாராக இருந்தாலும் இன்றே உள்ளே போய் பிள்ளையின் பெயர் எந்தக் கட்டத்தில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கிளியரன்ஸ் கேட்ட பிறகு திருத்துவது பெரும்பாடு.

கணக்கு இணைந்ததும், பழைய பதிவோடு ஒட்டியிருந்த ஒரு குறிப்பும் கூடவே வந்து சேர்ந்தது: ஜூலையில் தலையில் அடி. அப்போது அவனை உட்கார வைத்தோம், மறுபடி ஆடுவதற்குள் சீசனே முடிந்துவிட்டது, டாக்டர் கடிதத்தை யாரும் கேட்கவில்லை. இப்போது அது இல்லாமல் மோதல் பயிற்சியில், அதாவது உடலோடு உடல் மோதி ஆடும் பயிற்சியில், இறக்க மாட்டோம் என்றார்கள். இதில் எனக்குக் குறையே இல்லை. சிறுவர் விளையாட்டில், அடிபட்ட நாளிலிருந்து குறைந்தது 21 நாள் கழித்துத்தான் போட்டிக்குத் திரும்பலாம், அதற்குள் 14 நாள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்தால்தான் மோதல் பயிற்சியே என்று வைத்திருப்பது பிள்ளைகளின் நல்லதுக்குத்தான். கோபமெல்லாம் பிசியோ கடிதத்தைக் கொண்டுபோய் நீட்டி, திரும்பி வந்த அலைச்சலில்தான். பிசியோ கடிதம் செல்லாது, மருத்துவர் கையெழுத்து வேண்டும்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி, வீட்டிலிருந்து சைக்கிளிலேயே போகிறான். ஹரோல்ட் மேத்யூஸ் தேர்வில் முதல் வடிகட்டலைத் தாண்டிவிட்டான், இறுதிப் பட்டியல் இன்னும் வரவில்லை. பென்ரித்தின் பெரிய அணியான பேந்தர்ஸின் ஆட்டம் ஏதாவது நேரில் பார்க்கலாம் என்று ஆசையாக இருந்தான். அவர்களுடைய ஸ்டேடியத்தைப் புதுப்பிப்பதால் சொந்த மைதான ஆட்டங்களைப் பெரும்பாலும் பரமட்டாவில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், ஈல்ஸின் அதே மைதானத்தில். பார்க்க வேண்டுமென்றால் மறுபடி எம்4தான். நேற்று தேர்வுக் குழுவிலிருந்து மருத்துவப் படிவம் ஒன்று வந்தது. அவன் பெயர் முதல் கட்டத்திலும் என் பெயர் இரண்டாவது கட்டத்திலும் இருக்கின்றன.