போர் பார்க்காத மாநிலமா? – சில நாட்களின் குறிப்புகள்

செப்டம்பர் 22

"தமிழ்நாடு போரையே பார்க்காத மாநிலம்" என்று போன வாரம் ஒருவர் சாதாரணமாகச் சொன்னார். அதிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுத ஆரம்பிக்கிறேன்.

1914இல் இதே தேதி இரவில்தான் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கடற்கரையை நெருங்கி வந்து சுமார் 130 குண்டுகள் வீசியது. துறைமுகத்துக்கு அருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்ற வளாகத்தில் அதற்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. தாக்குதல் அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ரயிலிலும் வண்டியிலும் ஊரைக் காலி செய்தார்கள்.

செப்டம்பர் 25

1942 ஏப்ரல் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 5ஆம் தேதி கொழும்பு மீது ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. 6ஆம் தேதி விசாகப்பட்டினம், காக்கிநாடா. இரண்டும் அன்றைய சென்னை மாகாண ஊர்கள். 9ஆம் தேதி திருகோணமலை. அடுத்தது சென்னைதான் என்று அரசாங்கமே நம்பிவிட்டது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. அவசிய வேலை இல்லாதவர்கள் நகரத்தை விட்டுக் கிளம்பலாம் என்று அறிவித்தார்கள். மிருகக்காட்சி சாலையில் கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம், புலிகளைச் சுட்டே கொன்றார்கள்.

சொந்த ஊரும் அங்கே ஒரு வீடும் இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். ரிக்‌ஷா இழுத்தவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் எங்கே போயிருப்பார்கள்? கிளம்பச் சொல்லும் உத்தரவு எல்லோருக்கும் ஒன்றுதான். போவதற்கு இடம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்த வருஷத்தில் உறுத்துவது அதுதான்.

பெரியப்பா அப்போது சின்னப் பையன். மோட்டார் விளக்குகளில் பாதிக்குக் கறுப்பு அடித்திருந்ததும், ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால் தெருவிலிருந்து அதட்டல் வந்ததும் அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது.

செப்டம்பர் 28

நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேரின் கல்லறைகள். புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் படைப்பிரிவின் சின்னம், பெயர், இறந்த தேதி. சில கற்களில் கடைசியாக, குடும்பத்தார் எழுதி அனுப்பிய ஒரு வரி. இருபது வயதைத் தாண்டாத பையன்கள்கூட இருக்கிறார்கள்.

இங்கிருந்து கடல் கடந்து போய்ச் செத்தவர்களை நினைத்துக்கொண்டேன். காஞ்சிபுரம் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன், ராணுவப் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி அகற்றும் வேலை. பாதுகாப்பான வழியைக் காட்ட அவர் பின்னால் நாடா விரித்துக்கொண்டு வந்தவர் ஒரு கண்ணிவெடியை மிதித்துவிட்டார். அது வெடிக்கச் சில நொடிகள் ஆகும் என்பது சுப்பிரமணியனுக்குத் தெரியும். அதன் மேல் விழுந்து தன் உடம்பாலேயே மூடினார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதைக் கொடுத்தார்கள். நம் பாடப் புத்தகம் எதிலும் நான் இவர் பெயரைப் படித்ததில்லை.

அக்டோபர் 2

பர்மா. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. மார்ச்சில் ஊரே ஜப்பான் கைக்குப் போனது. கப்பலில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை வழியாக நடந்தே வந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றது. அப்பத்தா போர் என்றாலே ரேஷனில் இருந்துதான் ஆரம்பிப்பார். "சோறு தீவாளிக்குத்தான்டா, மத்த நாளெல்லாம் கேப்பை" என்பார்.

அக்டோபர் 5

இதைத்தான் எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில் பாதை, 415 கிலோமீட்டர். ஜப்பானியர்கள் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். சில மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டினார்கள். ஆள் சேராதபோது பிடித்தே ஏற்றினார்கள். அங்கே மழை, காலரா, அடி. இந்தப் பக்கம் தோட்டத்தில் சம்பாதிக்க ஆள் இல்லாமல் பெண்டு பிள்ளைகள் பட்டினி.

அந்தப் பாதையில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் பெரும் பங்கு தமிழர்கள். கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள். தமிழர்களுக்கு 2023இல்தான் அங்கே ஒரு நடுகல் நட்டார்கள்.

திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதைச் சொல்லி, அதன் பெயர் கோவிவன் என்றும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு நாயின் பெயரைக்கூட விடாமல் எழுதி வைத்த ஊர் இது. அந்தத் தண்டவாளத்துக்கு அடியில் போனவர்களுக்கு ஒரு பெயர்ப் பட்டியல்கூட நம் கையில் இல்லை. இன்று வேறு எதுவும் எழுத முடியவில்லை.

அக்டோபர் 6

நேற்று எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும். அதே தோட்டங்களில் பால் வெட்டிய பெண்கள்தான் 1943இல் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி பிடித்தார்கள். தலைமை, சென்னையைச் சேர்ந்த டாக்டர் கேப்டன் லட்சுமி. அந்தப் பெண்களில் பலர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை.

அக்டோபர் 11

வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார் என்று சொல்லும் ஊர். ஒரு திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். அந்த அம்மாவின் கணவர் 71 போரில் இருந்தவர்.

"பயமா இருந்ததாம்மா?"

"பயப்பட எங்க தம்பி நேரம்? மாடு, வயல், புள்ளைங்க. தபால்காரர் சைக்கிள் நம்ம வீட்டத் தாண்டிப் போனா அன்னிக்கு நல்ல நாளு. மணியார்டர்னாத்தான் நிக்கணும்."

அவர் தம்பி 1987இல் அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவராம். அங்கே 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். ஈழத் தமிழரும் செத்தார்கள். 1990 மார்ச்சில் படை சென்னை திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அங்கே தமிழர் பட்டதை நினைத்தால் அந்த முடிவு எனக்குப் புரிகிறது. ஆனால் தமிழ் பேசும் ஒரு சிப்பாய் அந்தக் கப்பலிலிருந்து என்ன மனசோடு இறங்கியிருப்பார்? தம்பி அதைப் பற்றி வீட்டில் வாயே திறந்ததில்லை என்றார் அந்த அம்மா.

அக்டோபர் 15

சென்னைக்கு வடக்கே ஓர் இலங்கைத் தமிழர் முகாம். 2021இல் அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் முகாம் முகாம்தான். அதிகாரிகள் கணக்கெடுக்க வரும் நாளில் எல்லோரும் நேரில் நிற்க வேண்டும். வெளியூரில் வேலை செய்பவர் கூலியை விட்டுவிட்டு ஓடி வருகிறார்.

என்னிடம் பேசியவர் முகாமிலேயே பிறந்தவர், இன்ஜினியரிங் முடித்தவர், பெயின்ட் அடிக்கப் போகிறார். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்ற மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வழி திறந்தது. இலங்கை அதில் இல்லை. "நான் எங்கேயிருந்தும் வரலையே அண்ணா, இங்கதானே பிறந்தேன்" என்றார். அவருக்குப் பதிவு அட்டை இருக்கிறது, ஆதார் இருக்கிறது, பாஸ்போர்ட் கிடையாது. அடுத்த மாதம் அவருக்குக் கல்யாணம், பெண்ணும் அதே முகாம்தான். பிறக்கும் பிள்ளையின் விண்ணப்பத்தில் நாடு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று இப்போதே வழக்கறிஞர் ஒருவரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.